அரைச்சுவர் இல்லாத வகுப்பறை: ஆசிரியர் – மாணவர் கைத்தொலைபேசித் தொடர்பு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

எமது நாட்டின் பழைய பாடசாலைக் கட்டடங்களில் வகுப்பறைச் சுவர் முழுதாக எழுவதில்லை. வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவனின் தோளளவில் அது நின்றுவிடும். அதற்குமேல் கூரைவரை வெறுவெளியே. காற்றும் வெளிச்சமும் வருதற்பொருட்டு இவ்வாறு கட்டினர் என்பர். வெப்ப நாட்டுக்கு இது பொருத்தமான விளக்கமே. ஆயினும், அவ்வரைச்சுவர் வேறொரு பணியையும் ஓசையின்றிச் செய்துவந்துள்ளது. விறாந்தையால் செல்லும் அதிபர், அடுத்த வகுப்பு ஆசிரியர், தண்ணீர்க் குழாயடிக்குப் போகும் சிறுவர் என எவரும் உள்ளே நடப்பதைக் காணலாம். அதற்கு முந்திய திண்ணைப் பள்ளிக்கூடமோ தெருவையே பார்த்தபடி இருந்தது. இவ்வமைப்பைத் தமது நேர்மைமீது கொண்ட ஐயம் எனக் கருதி ஆசிரியர் எவரும் மனம் நொந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

2020 மார்ச் மாதத்தில் கொவிட் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வரைச்சுவர் மறைந்தது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் இருந்தனவெனினும், எமது பகுதியில் வகுப்பறையின் இடத்தைப் பிடித்தது வட்ஸ்அப் ஒன்றே. வகுப்புக்கொரு குழு, பாடத்துக்கொரு குழு என அவை பெருகின. குழுவில் இலக்கம் இருந்தமையால் ஆசிரியர் மாணவனுக்குத் தனியாகவும் எழுதலாயினர். மாணவனும் ஆசிரியருக்கு எழுதலானான். பாடசாலைகள் திறக்கப்பட்ட பின்னரும் அவ்வழி மூடப்படவில்லை. 2022 இல் எரிபொருள் இன்றி மீண்டும் வீட்டிலிருந்து கற்க நேர்ந்தபோது அது இன்னும் அகன்றது. இன்று அது பழக்கமாகிவிட்டது.

பிற நாடுகள் பலவற்றில் இத்தொடர்புக்கு விதிகள் வகுத்துள்ளனர். ஆசிரியர் தமது சொந்தக் கணக்கிலிருந்து மாணவருக்கு எழுதலாகாது. பாடசாலை வழங்கிய வழியிலேயே எழுதல் வேண்டும். வளர்ந்த பிறிதொருவர் காணக்கூடியதாக அது அமைதல் வேண்டும். இரவு வேளையில் எழுதலாகாது. எழுதியதை அழித்தலாகாது என்பன அவற்றின் சாரம். எமது நாட்டிலும் இத்தகைய விதிகள் வேண்டும் என்னும் குரல் எழும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஒரு மறுமொழி எழுகின்றது: "எங்களை என்னவென்று நினைக்கிறார்கள்?" இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மனத்தில் எக்களங்கமும் இல்லாத ஒரு நல்லாசிரியர் தம் மாணவிக்குத் தனியே எழுதுவதை ஒரு விதி தடுக்குமாயின், அவ்விதி அவருக்கு அநீதி இழைக்கின்றதா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும்.

இதனை ஆராய்வதற்கு முன் எனக்குத் தெரிந்த இரு செய்திகளைப் பற்றிக் கூறல் வேண்டும்.

2021 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் நான் உயர்தர வகுப்பு மாணவி. எமது வீட்டில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. அப்பாவின் வேலை நின்றுபோயிருந்தது, டேட்டாவுக்குக் காசில்லை. இரு வாரம் நான் எக்குழுவிலும் தலைகாட்டவில்லை. ஒருநாள் இரவு பத்து மணிக்குப் பின்னர் அளவையியல் கற்பித்த ஆசிரியரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "இன்னும் நித்திரை கொள்ளவில்லையோ? ஏன் வகுப்புக்கு வருவதில்லை?" என்று அதில் இருந்தது. நான் பதில் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. மறுநாட் காலை கைத்தொலைபேசிக்கு ரீலோட் வந்திருந்தது. தொடர்ந்து, தம் கைப்பட எழுதிய குறிப்புகளை ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்து நாற்பதுக்கு மேற்பட்ட படங்களாக அனுப்பினார். அவர் ஓய்வு பெறும் வயதை அண்மித்தவர். கைத்தொலைபேசியைக் கையாளத் தெரியாமல் பல பக்கங்களைத் தலைகீழாக அனுப்பியிருந்தார். 2021 க்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. அன்றைய அச்செய்தி இல்லையேல் நான் இன்று மெய்யியல் மாணவியாக இவ்விதழில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதே காலத்தில் என் தோழி ஒருத்திக்கு வேறோர் ஆசிரியரிடமிருந்து ஏறத்தாழ அதே நேரத்தில் ஏறத்தாழ அதே சொற்களில் செய்தி வந்தது. நித்திரை கொள்ளவில்லையோ, சாப்பிட்டீரோ, ஏன் இன்று குழுவில் காணவில்லை என்றுதான் தொடங்கியது. அவள் அதனை எனக்குக் காட்டினாள். "இதற்கு என்ன எழுதுவது?" என்று கேட்டாள். "அக்கறையாகத்தானே கேட்கிறார், எங்கள் சேரும் இப்படித்தான் கேட்பார். மரியாதையாகப் பதில் போடு" என்று நான் கூறினேன். அவள் பதில் போட்டாள். சில மாதங்களில் அச்சொற்கள் வேறு சொற்களாயின. அவற்றை இங்கு எழுத வேண்டுவதில்லை. தான் எழுதியவற்றை ஏழு நாளில் தாமாகவே மறையும்படி அவர் அமைத்திருந்தார். வட்ஸ்அப்பில் 2020 நவம்பரில் வந்த வசதி அது. அவள் தலைவலி என்று வீட்டில் கூறி அப்பாடத்தையே விட்டாள். கைத்தொலைபேசி பார்த்துத்தான் தலைவலி வந்தது என்று அண்ணன் அதனைப் பறித்துக்கொண்டான். நடந்ததை ஈராண்டு கழித்தே அவள் எனக்குக் கூறினாள். கூறும்போது, "நீதானே பதில் போடச் சொன்னாய்" என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நான் மறக்கவில்லை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து ஒரு நீதிபதியிடம் கொடுப்பினும் எது அன்பு, எது வலை என்று அவரால் கூற இயலாது. சொல் ஒன்று, நேரம் ஒன்று, அனுப்பியவரின் பதவியும் ஒன்று. அறவியலிற் செயலை மதிப்பிட நாம் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்கள் இரண்டு. நோக்கத்தைக் கொண்டு மதிப்பிடுவது ஒன்று. விளைவைக் கொண்டு மதிப்பிடுவது மற்றையது. நோக்கம் அனுப்பியவரின் நெஞ்சில் உள்ளது. பதினேழு வயதுப் பெண்ணால் அதனைக் காண முடியாது. விளைவோ பல மாதங்களுக்குப் பின்னர் வருவது. பதில் போடுவதா விடுவதா என்று அவள் தீர்மானிக்க வேண்டிய இரவில் அது இன்னும் பிறக்கவில்லை. ஆகவே முடிவெடுக்க வேண்டியவளுக்கு இவ்விரு அளவுகோல்களும் பயன்படா. அவள் கண்ணுக்குப் புலப்படுவது ஒன்றே: இச்செய்தி பிறர் காண வந்ததா, காணாது வந்ததா என்பது. விதிகள் பற்றுவதும் இதனையே. அவை சொல்லின் உள்ளடக்கத்தை நோக்குவதில்லை. அது வந்த வழியை நோக்குகின்றன. இது விதிகளின் குறைபாடு என்று முன்னர் நான் எண்ணியிருந்தேன். இப்பொழுது அதுவே அவற்றின் நியாயம் என்று கருதுகின்றேன்.

காணப்படாமை மனிதனை என்ன செய்யும் என்பது பழைய வினா. பிளேற்றோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கிளௌக்கோன் ஒரு கதை கூறுகிறான். லிடிய நாட்டு இடையன் ஒருவனுக்கு அணிந்தவனை மறைக்கும் மோதிரம் கிடைக்கின்றது. அதனைக் கொண்டு அவன் அரசியைக் கவர்ந்து, அரசனைக் கொன்று, அரசைக் கைப்பற்றுகிறான். அத்தகைய மோதிரம் கிடைப்பின் நீதிமானும் அநீதிமானும் ஒரே வழியிற்றான் செல்வர் என்பது கிளௌக்கோனின் வாதம். நான் அவ்வளவு தூரம் செல்லேன். எம் அளவையியல் ஆசிரியருக்கும் அம்மோதிரம் கிடைத்தது, அவர் குறிப்புகளைத்தான் அனுப்பினார். ஆனால், மோதிரம் அணிந்து வருபவனை எதிர்கொள்பவளின் நிலையிலிருந்து அக்கதையை எவரும் சொல்லவில்லை. அவள் முன் நிற்பவர் நல்லவரா அல்லரா என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாத நிலையில் நம்பவேண்டிய சுமை அவள்மீதே விழுகின்றது.

இம்மானுவேல் கான்ற் 1795 இல் நிலையான சமாதானத்தைப் பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில் இதற்குப் பயன்படும் ஒரு சோதனையைத் தருகின்றார். பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படைக் கொள்கை வெளிப்படையாக அறிவிக்கப்பட முடியாததாயின் அச்செயல் அநீதியானது என்பது அச்சோதனை. அவர் பேசியது அரசுகளையும் பொதுச் சட்டத்தையும் பற்றி. அதனைப் பாடசாலைக்குக் கொண்டுவருவது என் துணிபு. 'நான் என் மாணவிகளுக்கு இரவு பத்து மணிக்குப் பின் தனியே எழுதுவேன்; எழுதியதை அழிந்துபோகச் செய்வேன்' என்று ஓர் ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அறிவிக்க முடியுமா? முடியாதெனில், அவர் மனத்தில் களங்கமில்லை என்பது மட்டும் போதாது.

அடுத்து, அதிகாரம் பற்றிய பிரச்சினை. சம நிலையில் உள்ள இருவருள் ஒருவர் எழுதினால் மற்றவர் பதில் எழுதாது விடலாம். மாணவிக்கு அது இயலாது. 2014 நவம்பர் முதல், வாசித்தால் நீலக்கோடு விழுகின்றது. வாசித்தும் பதிலில்லை என்பது மறுநாள் வகுப்பில் மரியாதைக் குறைவாகக் கணக்கிடப்படும். வாசிக்காது விட்டால் ஒப்படையின் திகதி தெரியாது போய்விடும். புள்ளியிடுபவர் அவர், பரீட்சை விண்ணப்பத்தில் ஒப்பமிடப் போவது அவர் பணிபுரியும் பாடசாலை. இந்நிலையில் அவள் அளிக்கும் இசைவு இசைவாகாது. இங்கிலாந்தின் 2003 ஆம் ஆண்டுப் பாலியற் குற்றங்கள் சட்டம் இதனைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. அங்கு இசைவுக்குரிய வயது பதினாறாயினும், ஆசிரியர் போன்ற நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவர் தம் பாடசாலையிற் பயிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவருடன் பாலுறவு கொள்ளல் குற்றமே. மாணவர் 'ஆம்' என்றார் என்பது அங்கு விடையாகாது.

எமது மரபு இவ்விடத்தில் என்ன கூறுகின்றது என்று தேடினேன். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் ஆசிரியரின் இயல்பை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டுக் கூறுகின்றார். மாணாக்கன் ஆசிரியனிடம் பழகுமாற்றைக் கூறுமிடத்து, நெருப்பினிடத்துப்போல் மிக அகலாமலும் மிக நெருங்காமலும் நிற்க வேண்டும் என்கிறார். அழகான உவமை. ஆனால், இடைவெளியைக் காக்கும் பொறுப்பு முழுவதும் மாணாக்கன் தலையிலேயே உள்ளது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். நெருப்புக்கு விதி இல்லை. குளிர்காய வந்தவனுக்கே விதி. அக்காலத்தில் அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். ஆசிரியர் இருந்த இடத்துக்கு மாணாக்கனே சென்றான். கைத்தொலைபேசியிலோ நெருப்பே எழுந்து மாணவியின் தலையணையருகே வருகின்றது. எனவே அகலாமையும் அணுகாமையும் இன்று ஆசிரியருக்குரிய இலக்கணமாக மாறியாக வேண்டும். இன்றும் எமது பாடசாலைகளில் நடைபெறும் இணையப் பாதுகாப்புக் கருத்தரங்குகள் பெரும்பாலும் மாணவிகளையே வரிசையில் இருத்திப் புத்தி கூறுகின்றன. 'படம் போடாதே, இலக்கம் கொடுக்காதே, பதில் எழுதாதே' என்பனவே அங்குக் கேட்கும் அறிவுரைகள். இலக்கத்தைக் கேட்டு வாங்கியதே பாடசாலைதான் என்பதை எவரும் நினைவுபடுத்துவதில்லை.

இனி, 'எங்களை என்னவென்று நினைக்கிறார்கள்' என்ற வினாவுக்கு வருவோம். விதி தம்மீது கொண்ட ஐயம் என்பது இதன் உட்கிடை. ஊர்க் கோயிலின் திருவிழா முடிந்ததும் பொருளாளர் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கிறார். இன்ன உபயகாரர் இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று வாசிக்கும்போது நேர்மையான பொருளாளர் சினப்பதில்லை; வாசிக்கவிடாது எழுந்து போகிறவர்மீதே ஊர் கண் வைக்கும். பெண் நோயாளியை ஆண் வைத்தியர் பரிசோதிக்கும்போது தாதி ஒருவர் அருகில் நிற்கிறார். இதில் வைத்தியருக்கு இழிவில்லை. ஆசிரியத் தொழிலுக்கு மட்டும் இது எவ்வாறு இழிவாகும்?

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. கணக்கை வாசிப்பதால் நேர்மையான பொருளாளர் இழப்பது எதுவுமில்லை. நல்லாசிரியரோ விதியால் உண்மையிலேயே ஒன்றை இழக்கிறார். பிறர் அறியாமல் ஒரு பிள்ளையின் வறுமைக்கு உதவும் வாய்ப்பை இழக்கிறார். எனக்கு வந்த ரீலோட் குழுவில் அறிவித்து வந்திருந்தால் நான் கூனிக்குறுகியிருப்பேன். அவர் தனியே அனுப்பியது என் மானத்தைக் காக்கவே. இத்தகைய நற்செயலை அவர் ஏன் விடவேண்டும்?

என் விடை இது: அச்செயலில் தவறு உண்டு என்பதற்காக அன்று. அச்செயல் இன்னொருவனுக்குத் திரையாகின்றது என்பதற்காகவே. என் தோழி என்னிடம் கேட்டபோது நான் ஏன் அவளைப் பதில் போடச் சொன்னேன்? நான் அறிவிலி என்பதாலன்று. எனக்கு ஒரு நல்லாசிரியர் இருந்தார் என்பதால். அவர் அவ்வாறு எழுதியமையால், இரவில் தனியே எழுதுவது ஆசிரியரின் இயல்பு என்று நான் கற்றிருந்தேன். 'எந்த ஆசிரியரும் தனியே எழுதுவதில்லை' என்பது எங்கும் பரவிய வழக்காக இருந்திருப்பின், அவளுக்கு வந்த முதற் செய்தியே அபாய மணியாக ஒலித்திருக்கும். சொல்லின் பொருளை ஆராயும் வேலை அவளுக்கு இருந்திராது. வந்த வழியே அதனைக் காட்டிக்கொடுத்திருக்கும். நல்லவர் அனைவரும் ஒரு வழியைக் கைவிடும்போதுதான் அவ்வழியால் வருபவன் இன்னானென்று தெரியும். எனவே விதி நல்லாசிரியரை ஐயுறவில்லை. அவரிடம் ஓர் உதவியைக் கேட்கின்றது. ஐயப்படுபவரிடம் எவரும் உதவி கேட்பதில்லை.

விதி வேண்டும் என்பதால் எவ்விதியும் தகும் என்று ஆகாது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2011 இல் நடந்ததை இங்கு நினைக்கலாம். மாணவருடன் பிறர் காணாத தனித்தொடர்புக்கு இடந்தரும், பணிசாராத இணையத்தளங்களை ஆசிரியர் பயன்படுத்தலாகாது என்று அங்கு ஒரு சட்டம் இயற்றினர். நோக்கம் நல்லதே. ஆனால் சட்டத்தின் சொற்கள் அளவின்றி விரிந்திருந்தன. ஓர் ஆசிரியை அதே கல்வி வட்டாரத்திற் படிக்கும் தம் சொந்தப் பிள்ளையுடன் கூட அத்தகைய தளத்திற் பேச இயலாது என்று பொருள்படும்படி அவை அமைந்திருந்தன. ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னர், ஓகஸ்ட் 26 ஆம் திகதி, நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. அவ்வாண்டிலேயே சட்டமன்றம் அப்பகுதியை நீக்கி, ஒவ்வொரு கல்வி வட்டாரமும் தனக்குரிய எழுத்துமூலக் கொள்கையை வகுக்கவேண்டும் என்று மாற்றியது. தொழிலின் உள்ளே பிறக்கவேண்டிய வழக்கத்தை வெளியிலிருந்து சட்டமாகத் திணிப்பின் சொல் தடுமாறும் என்பதை இது காட்டுகின்றது. எமது நாட்டிலும் 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பேச்சுரிமையைப் பற்றி எழுப்பிய அச்சங்களை நாம் அறிவோம். வகுப்பறையின் ஒழுக்கத்தை அத்தகைய சட்டங்களிடம் விட்டுவிடல் கூடாது. ஆசிரியரும் அதிபரும் பெற்றோரும் கூடி வகுத்த அரைப்பக்க விதியொன்று, பிரதி நாளன்று உரக்க வாசிக்கப்படுமாயின், அதிகம் செய்யும்.

வெளிப்படை என்னும் சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு கையாளல் வேண்டும். வெளிப்படை வேறு; அம்பலம் வேறு. எமது குழுக்களில் நடந்தது என்ன? ஒப்படை தராதவர்களின் பெயர்கள் பெற்றோரும் காணும்படி குழுவில் இடப்பட்டன. கட்டணம் செலுத்தாத பிள்ளைகளின் பட்டியலும் ஒருமுறை வந்தது. குழுவில் இலக்கங்கள் எல்லோருக்கும் தெரிந்தமையால் அறியாத இலக்கங்களிலிருந்து பெண்பிள்ளைகளுக்கு நள்ளிரவில் அழைப்புகள் வந்தன. இவை யாவும் பிறர் காண நடந்தவையே. எனினும் நீதியானவை அல்ல. கான்ற்தாமும் இதனை அறிந்திருந்தார். வெளியிட முடியாதது அநீதி என்பதால், வெளியிடக்கூடியதெல்லாம் நீதி என்று ஆகிவிடாது. போதிய வலிமை உள்ளவன் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று அவரே குறிப்பிடுகிறார். 1989 இன் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 16 ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கின்றது. அரைச்சுவரின் சிறப்பும் இதுவே. விறாந்தையிற் செல்பவர் உள்ளே அமர்ந்திருப்பவரைக் காண்பார். பிள்ளையின் கொப்பியில் எழுதியிருப்பதை வாசிக்க மாட்டார்.

எனவே 'பெற்றோருக்கும் பிரதி அனுப்பு' என்று எல்லா விடயங்களுக்கும் ஒரே கட்டளை இடுவதும் தகாது. வீட்டிலேயே அடிபடும் பிள்ளை ஆசிரியருக்கு எழுதுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிரதி அடித்தவருக்கே போய்ச் சேரின் என்னவாகும்? அத்தகைய பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவரே கதி. இங்கு வேண்டப்படுவது பெற்றோரின் கண்ணன்று, இரண்டாவது ஒரு கண். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரோ, பிரதி அதிபரோ அக்கண்ணாகலாம். பிள்ளை முதலில் எழுதலாம், தடையில்லை. எழுதியதை ஆசிரியர் தமக்குள் பூட்டிவைக்காது அன்றே அவ்விரண்டாமவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்; கொண்டுசெல்வேன் என்பதைப் பிள்ளைக்கும் முன்கூட்டியே கூறல் வேண்டும். 'யாருக்கும் சொல்ல மாட்டேன்' என்று எந்த ஆசிரியரும் வாக்களிக்கலாகாது. நன்மை செய்பவர் வாயில் வரும் அச்சொற்களே தீமை செய்பவன் வாயிலும் வருகின்றன. 1998 இன் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கம் ஒவ்வொரு வகுப்புக் குழுவின் முகப்பிலும் எழுதப்பட்டிருப்பின், பள்ளிக்குள் எவரையும் நம்பவியலாத பிள்ளைக்கும் ஒரு வாசல் இருக்கும்.

சென்ற விடுமுறையில் எம் அளவையியல் ஆசிரியரைச் சென்று கண்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இக்கட்டுரையின் கருத்தைக் கூறினேன். தோழியின் பெயரையோ இடத்தையோ கூறவில்லை. நெடுநேரம் பேசாதிருந்தார். தாம் அனுப்பிய செய்தி இன்னொரு பிள்ளைக்குப் பொறியாயிற்று என்பது அவரை நோகச் செய்ததைக் கண்டேன்; கூறாமல் விட்டிருக்கலாமோ என்றும் தோன்றியது. பின்னர் அளவையியல் ஆசிரியருக்குரிய முறையில் ஒரு கேள்வி கேட்டார்: "சரி பிள்ளை, உம்முடைய விதி அப்பவே இருந்திருந்தால் உமக்கு ஆர் ரீலோட் போட்டிருப்பினம்?"

என்னிடம் உடனடியாக விடை இருக்கவில்லை. இன்றும் முழு விடை இல்லை. ஒன்று தெரிகின்றது: தனிமனிதர் ஒருவரின் இரக்கத்துக்கு விட்டிருந்த வேலையை நிறுவனம் ஏற்காதவரை, விதி ஏழைப் பிள்ளையிடமிருந்தே தன் விலையை அறவிடும். அன்று எங்கள் வகுப்பில் டேட்டா இல்லாதவர் யாவர் என்று பாடசாலை எவரிடமும் கேட்கவில்லை. பழைய மாணவர் சங்கம் நுழைவாயிலுக்குப் புதிய வளைவு கட்டிய காலம் அது. வகுப்பாசிரியர் ஊடாகப் பெயர் வெளிவராது உதவும் சிறு நிதியொன்று இருந்திருப்பின், என் ஆசிரியர் தம் பணத்தை அதிற் போட்டிருப்பார். இரவு பத்து மணிக்கு எனக்கு எழுத வேண்டிய தேவை அவருக்கு இருந்திராது. இதனை அவரிடம் கூறினேன். "நிதி வைத்தால் கணக்கு எழுத வேணும், கூட்டம் வைக்க வேணும், அதற்குள் பரீட்சை முடிந்துவிடும்" என்றார். அவர் கூறியதிலும் உண்மை உண்டு.

இவ்விதழை வாசிக்கும் கலைப்பீட மாணவருட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஆசிரிய நியமனம் பெற்று, எங்கோ ஒரு பாடசாலையில் முதன்முதலாக வகுப்புக்குள் நுழைவர். அன்றே ஒரு குழுவை ஆரம்பிப்பர். நாற்பது இலக்கங்கள் அவர்கள் கைக்குள் வந்துசேரும். அவற்றுள் ஓர் இலக்கம் இரண்டு வாரம் மௌனமாயிருக்கும். அதற்கு என்ன செய்வது, எவரிடம் சொல்வது, எந்த நேரத்தில் எழுதுவது என்பவற்றை அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கப் போவதில்லை. எமது கல்வியியற் பாடங்களில் நான் இதுவரை இதனைக் காணவில்லை.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் என் தோழிக்கு அனுப்பினேன். அவள் இப்பொழுது வேலைக்குப் போகின்றாள், பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. இரு நாட்களின் பின் பதில் வந்தது. தன்னைப் பற்றிய பகுதியில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடும்படியும், மற்றதெல்லாம் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தாள். அவ்வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.